சிங்கப்பூர் போனால் பீச் ரோடு நினைவுத்தூணுக்கும் போங்கள்

செக்காலை ஆச்சி எழுதியது:

நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் சிங்கப்பூரில் ஆள் இல்லாத வீடு குறைவு. திருச்சியில் இரவு விமானம் ஏறினால் விடியும்போது சாங்கி. அங்கே போய் என்ன பார்ப்பது என்பதற்கும் ஒரு தடம் விழுந்துவிட்டது. டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில், சிராங்கூன் ரோடு, முஸ்தபா கடை, செந்தோசா தீவு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் எங்கே அழைத்துப் போகிறார்களோ அங்கே.

அந்தத் தடத்தில் பீச் ரோடும் சேர வேண்டும் என்று கேட்கவே இந்த இழை. ராஃபிள்ஸ் ஹோட்டலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பூங்கா இருக்கிறது. அதன் நடுவில் அறுபது மீட்டருக்கு மேல் உயரமான நான்கு வெள்ளைத் தூண்கள். ஜப்பானியர் ஆட்சியில் மாண்ட பொதுமக்களுக்கான நினைவுச்சின்னம் அது. பஸ்ஸில் போகும்போது எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இறங்கிப் போனவர்கள் எத்தனை பேர்?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு நாளில், சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 18 முதல் மார்ச் 4 வரை, பதினெட்டு வயதிலிருந்து ஐம்பது வயது வரையிலான சீன ஆண்களைச் சோதனை மையங்களுக்கு வரச் சொன்னார்கள். வரிசையில் நிறுத்தினார்கள். சில மையங்களில் முகத்தை மூடிய ஆள்காட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலையசைத்தால் அந்த ஆளுக்கு அவ்வளவுதான். தப்பியவர்களுக்குத் தாளிலோ சட்டையிலோ கையிலோ முத்திரை குத்தி அனுப்பினார்கள். மற்றவர்கள் லாரியில் ஏற்றப்பட்டார்கள். சாங்கிக் கடற்கரை, பொங்கோல், சிக்லாப் என்று பல இடங்களில் சுட்டுக் கொன்றார்கள். சூக் சிங் படுகொலை என்று சரித்திரத்தில் இதற்குப் பெயர்.

பீச் ரோட்டுத் தூண்களுக்கு அடியில் 606 தாழிகளில் அவர்களுடைய எலும்புகள் இருக்கின்றன. மேலே பீடத்தில் ஒரு கலசம். தூண்களின் அடியில் நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறது. தமிழும் ஒன்று. நான்கு தூண்களும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேசியர் ஆகிய நான்கு இனங்களைக் குறிக்கின்றன. அவற்றில் ஒன்று நம்முடையது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். நம் தூணை நாமே போய்ப் பார்க்காமல் இருப்பது சரியா?

—

புதுவயல் தம்பி (சிங்கப்பூரிலிருந்து) எழுதியது:

நல்ல இழை ஆச்சி. வழி கேட்பவர்களுக்கு: எஸ்பிளனேட் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. சிட்டி ஹால் நிலையத்திலிருந்தும் நடக்கலாம். டிக்கெட் கிடையாது, கதவு கிடையாது, எந்த நேரமும் திறந்திருக்கும். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்து மணிக்குப் பிறகோ போங்கள். நடுப்பகலில் அந்த வெள்ளைத் தரையில் வயதானவர்கள் நிற்க முடியாது. உட்காரப் பெஞ்சுகள் உண்டு. டாங்க் ரோடு கோயிலிலிருந்து நடந்தே வந்தாலும் அரை மணி நேரம்தான்.

உள்ளூர் ஆட்கள் அதைச் சாப்பிடும் குச்சிகள் என்று கேலியாகச் சொல்வார்கள். டாக்ஸி ஓட்டுநரிடம் அப்படிச் சொன்னாலும் கொண்டுபோய் விடுவார்.

—

முகப்புத்தூண் எழுதியது:

கேட்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் ஆட்களில் பாதிப் பேர் தைப்பூசத்துக்கென்றே சிங்கப்பூர் போகிறார்கள். விரதம் இருந்து, காவடி எடுக்கப் போகிறவர்கள், அறுநூறு தாழிக்கு மேல் எலும்பு இருக்கும் இடத்தில் போய் நிற்க வேண்டுமா? பேரனைப் பார்க்கப் போன இடத்தில் எழவு கேட்க வேண்டுமா? மனிதன் கொஞ்சம் நிம்மதியாக இருந்துவிட்டு வரத்தானே டிக்கெட் எடுக்கிறான்.

—

செக்காலை ஆச்சி எழுதியது:

தம்பி, விரதத்தில் இருக்கும்போது போகச் சொல்லவில்லை. பூசம் முடித்து, மாலையைக் கழற்றிய பிறகு போங்கள். போய் வந்து தலைக்குக் குளித்துவிட்டால் தீட்டுப் பற்றியும் கவலை இல்லை. எழவு கேட்பது நம் ஊரில் கெட்ட காரியமா? கேட்காமல் இருந்தால்தானே நான்கு தலைமுறைக்குப் பேச்சு வரும்.

—

கானாடுகாத்தான் வாசகர் எழுதியது:

ஆச்சி சொன்ன தாழிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சேர்க்கிறேன், ஏனென்றால் பீச் ரோட்டில் நிற்கும்போது இது தெரிந்திருந்தால் தூண்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

போர் முடிந்து பதினேழு ஆண்டுகள் வரை இந்த எலும்புகள் மண்ணுக்குள்தான் கிடந்தன. 1962-இல் சிக்லாப் பகுதியில் மனிதப் புதைகுழிகள் அகப்பட்டன. சீன வர்த்தகச் சங்கம் தோண்டும் வேலையைப் பொறுப்பேற்றது. தோண்டத் தோண்டப் பல இடங்களில் வந்துகொண்டே இருந்தது. எந்த எலும்பு யாருடையது என்று சொல்ல வழியில்லை. ஆகவே தனித்தனிக் கல்லறை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

சங்கம் முதலில் கேட்டது சீனர்களுக்கான நினைவிடம். அப்போதைய பிரதமர் லீ குவான் யூவின் அரசு நிலம் கொடுத்தது, பொதுமக்கள் கொடுத்த நன்கொடைக்கு ஈடாகப் பணமும் போட்டது, ஆனால் எல்லா இனத்தவருக்குமானதாகத்தான் அது இருக்க வேண்டும் என்றது. அதன் விளைவுதான் நான்கு தூண்கள். 1967 பிப்ரவரி 15 அன்று, வீழ்ச்சியின் இருபத்தைந்தாம் ஆண்டில், லீயே திறந்துவைத்தார். இளைஞராக இருந்தபோது ஜாலான் புசார் சோதனை மையத்தில் அவரும் மாட்டிக்கொண்டு, ஏதோ சாக்குச் சொல்லி லாரியில் ஏறாமல் தப்பியவர். ஜாலான் புசார் எங்கே இருக்கிறது என்று முஸ்தபாவுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு இருக்கிறது. ஜப்பான் தரப்பு ஒப்புக்கொண்டது ஐயாயிரம் அளவில். சீன சமூகம் சொல்வது ஐம்பதாயிரம் வரை. 1947-இல் விக்டோரியா நினைவு மண்டபத்தில் நடந்த விசாரணையில் ஏழு அதிகாரிகள் கூண்டில் நின்றார்கள். இருவருக்குத் தூக்கு, ஐவருக்கு ஆயுள் தண்டனை. இது போதாது என்று சீனர்கள் கொதித்தார்கள். 1963-இல் சிட்டி ஹால் முன்பு ஒரு லட்சம் பேருக்கு மேல் திரண்டு, சிந்திய இரத்தத்துக்கு இழப்பீடாக, இரத்தக் கடனைக் கேட்டார்கள். 1966-இல் ஜப்பான் ஐந்து கோடி சிங்கப்பூர் டாலருக்கு ஒத்துக்கொண்டது. பாதி நன்கொடை, பாதி கடன். பறிகொடுத்த வீட்டுக்குக் கடன் கொடுத்த கதை உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று நம் லேவாதேவிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

—

பெட்டியடி எழுதியது:

ஆச்சி மீது மரியாதை உண்டு. ஆனால் "நம் தூண்" என்பதை ஏற்க முடியவில்லை. அடியில் இருப்பது சீனர்களின் எலும்பு. கொன்றது சீனர் என்பதற்காக. இந்தியரை அந்த வரிசையில் நிறுத்தவில்லை. இடம் கொடுத்தவர்கள் பெருந்தன்மையாக நமக்கும் ஒரு தூண் வைத்தார்கள் என்பதற்காக, நாமும் அந்தச் சாவில் பங்கு கேட்பது அழகில்லை. துக்க வீட்டில் போய் முன்வரிசையில் உட்காருவது போல இருக்கிறது.

நம் ஆட்களின் போர்க்காலம் வேறு. பர்மாவில் 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு கப்பல் கிடைத்தவர் கப்பலில், கிடைக்காதவர் அரக்கான் மலை வழியாகவும், தாமு வழியாக இம்பாலுக்கும் நடந்தார்கள். ஐந்து லட்சம் இந்தியர் அளவுக்கு அப்படிக் கிளம்பினார்கள் என்பது கணக்கு. வழியில் காலராவிலும் பசியிலும் மாண்டவர்கள் பல்லாயிரம். எங்கள் வீட்டிலிருந்து கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போன ஒருவர் அப்படித்தான் திரும்பவில்லை. எந்த மலையில் விழுந்தார் என்று தெரியாது. படைப்பில் அவருக்கும் சேர்த்துத்தான் வேட்டி வைக்கிறோம். அவருக்கு எந்த ஊரில் தூண் இருக்கிறது?

சிங்கப்பூர், மலாயா கதை பர்மாவைப் போல இல்லை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டியார்களின் வட்டிக்கடைகளான கிட்டங்கிகளில் ஏஜெண்டும் அடுத்தாளும் கணக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். ஜப்பானியர் வெளியிட்ட, வாழைமரம் அச்சடித்த நோட்டில் பழைய கடனை எல்லாம் அடைத்துவிட்டுப் போனான் கடன்காரன். 1945-இல் அந்த நோட்டு அடுப்பெரிக்கத்தான் ஆயிற்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் அந்த நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அது நஷ்டம். பெரிய நஷ்டம். ஆனால் ஜப்பான்காரன் நம்மைத் தொடவில்லை. நேதாஜி வந்த பிறகு இந்தியன் என்றால் ஒரு மரியாதையே இருந்தது என்று எங்கள் ஐயா சொல்வார்.

—

கல்லல்காரன் எழுதியது:

நான் இந்தக் களத்தில் படிப்பவன், எழுதுபவன் இல்லை. பெட்டியடி ஐயா எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

"ஜப்பான்காரன் நம்மைத் தொடவில்லை" என்கிறீர்கள். இந்த "நம்மை" யார் ஐயா?

கல்லல், திருப்பத்தூர், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியது செட்டியார் மட்டும் இல்லை. கங்காணி பின்னால் மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போன குடும்பங்கள் எத்தனை! என் பாட்டியின் அண்ணன் அப்படிப் போனவர். 1943-இல் தோட்டத்துக்கு லாரி வந்தது. சயாமில் (இன்றைய தாய்லாந்தில்) ரயில் பாதை வேலை, கொஞ்ச காலம்தான், நல்ல கூலி, குடும்பத்துக்கு அரிசி என்று சொன்னார்கள். ஆள் போதாதபோது சொல்லவும் இல்லை, பிடித்துக்கொண்டே போனார்கள். அந்த லாரியில் ஏறியவர் பிறகு எந்தக் கடிதத்திலும் இல்லை.

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் பாதை. வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள், அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். இது எல்லோருக்கும் தெரியும். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே மதிப்பிடுகிறது. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். கைதிகளிடையே மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், யார் எங்கே புதைந்தார் என்று எழுதி வைத்தார்கள். எங்கள் ஆட்களின் முகாமில் மருத்துவரும் இல்லை, எழுதுகிறவரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகப் போனார்கள்.

அந்தத் தோட்டங்களில் சில யாருடையவை என்பதும் உங்களுக்குத் தெரியும். கடனுக்கு ஈடாக வந்த ரப்பர்த் தோட்டங்கள் எத்தனை விலாசத்தில் (வட்டிக்கடைப் பெயரில்) இருந்தன என்று உங்கள் கணக்குப் புத்தகங்கள்தான் சொல்ல வேண்டும். கிட்டங்கியைத் தொடவில்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

—

முகப்புத்தூண் எழுதியது:

இழை வேறு எங்கோ போகிறது. சாதிச் சண்டையாக்க வேண்டாம்.

—

கல்லல்காரன் எழுதியது:

சாதியை நான் எங்கே சொன்னேன்? லாரியில் ஏறியது யார், ஏறாதது யார் என்று சொன்னேன்.

—

நெறியாளர்:

இருவரும் நிறுத்துங்கள். கல்லல்காரன் எழுதியது இழைக்குப் பொருத்தமானதுதான், அதை நீக்கச் சொல்லி வந்த இரண்டு புகார்களையும் ஏற்கவில்லை. தனிப்பட்ட குடும்பங்களின் விலாசம், பெயர் யாரும் எழுத வேண்டாம்.

—

பெட்டியடி எழுதியது:

தம்பி கல்லல்காரன் எழுதியதில் மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுப் பேச்சில் "நாம்" என்றால் கிட்டங்கிதான். அப்படித்தான் வளர்ந்தோம். சொத்து போன கதை எங்களிடம் பக்கம் பக்கமாக இருக்கிறது, பர்மாவில் எத்தனை ஏக்கர், எந்த டவுன்ஷிப் என்று ஐயாவின் கையெழுத்திலேயே. தோட்டத்தில் ஆள் போன கதையை ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் பற்றுவரவில் கூலி எழுதியிருக்கும், ஆகவே 1943-க்கு முன்பும் பின்பும் எத்தனை பேருக்குக் கூலி போனது என்று பார்த்தாலே தெரிந்திருக்கும். அந்தக் கணக்குகள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று விசாரிக்கிறேன். கரையான் விட்டது கொஞ்சமாவது இருக்கும்.

இருந்தாலும் என் முதல் கருத்தில் நிற்கிறேன். பீச் ரோட்டில் போய் "நம் தூண்" என்று சொல்லக் கூடாது. இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. உங்கள் பாட்டியின் அண்ணனைச் சீனர் எலும்புக்கு மேலே நின்று அழுதால், இரண்டு கூட்டத்தையும் குழப்பியதாகத்தான் ஆகும்.

—

கானாடுகாத்தான் வாசகர் எழுதியது:

பெட்டியடி அண்ணன் சொல்வதில் பாதி சரி. தூண்களில் எழுதியிருப்பது சூக் சிங் பலிகளுக்கு என்று மட்டும் இல்லை, 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மாண்ட பொதுமக்கள் எல்லோருக்கும் என்று. ஆகவே இந்தியத் தூண் வெறும் மரியாதைக்காக நிற்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து போய்ச் சயாமில் இறந்தவரும் அதில் அடக்கம். அடியில் இருப்பது ஒரு கூட்டம், மேலே எழுதியிருப்பது பெரிய கூட்டம். இரண்டையும் தெரிந்துகொண்டு போனால் குழப்பம் வராது.

நேதாஜி பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் நம் ஊரில் பலருக்குப் பிடிக்காது. பீச் ரோட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் எஸ்பிளனேட் பூங்கா. அங்கே இந்திய தேசிய ராணுவ நினைவுச்சின்னம் இருந்த இடத்தைக் குறிக்கும் பலகை இருக்கிறது. 1945 ஜூலை 8 அன்று நேதாஜி அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த பிரிட்டிஷ் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 1995-இல், பலகை வைத்தார்கள். சீனர்களைக் கொன்ற படையோடு தோளோடு தோள் நின்ற படையின் சின்னமும், அந்தப் படை கொன்ற சீனர்களின் சின்னமும், ஒரே மாலையில் நடந்து பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

தேதிகளைப் பாருங்கள். சயாம் ரயில் பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17 அன்று இணைந்தன. நான்கு நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூர் கத்தே அரங்கில் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்திய) அரசு அறிவிக்கப்பட்டது. அரங்கில் கைதட்டியவர்களில் தமிழர்கள் ஏராளம். நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளே படையிலும் ராணி ஜான்சி படைப்பிரிவிலும் சேர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் அப்பன்மார் சிலர் அதே மாதத்தில் சயாமில் கிடந்தார்கள். சேர்ந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பிரிட்டிஷ்காரன் அவர்களை என்ன பாடுபடுத்தினான் என்பது தெரியும். ஆனால் நேதாஜி படத்துக்கு மாலை போடும்போது, நம்மவர் அப்போது யாருடைய தயவில் நின்றார்கள் என்பதைச் சொல்லாமல் தாண்டிப்போகிறோம்.

படையில் சேர மாட்டேன் என்ற இந்தியக் கைதிகளும் உண்டு. அவர்களில் பலரைக் கப்பலில் ஏற்றி நியூகினிக்கு அடிமை வேலைக்கு அனுப்பினார்கள். திரும்பியவர்கள் சொற்பம். ஃபாரர் பார்க் திடலில் 1942 பிப்ரவரி 17 அன்று இந்தியச் சிப்பாய்களைக் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். முஸ்தபாவுக்கு இறங்கும் அதே ஃபாரர் பார்க்.

—

தேவகோட்டை மருமகள் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு வேறு கேள்வி. ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளோடு மே மாதம் போகிறோம். இவர்களை அழைத்துப் போகலாமா? இங்கே ஒரு டிராவல்ஸில் சொன்னபோது, "அதெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்கு மேடம், யுனிவர்சல் ஸ்டூடியோ போங்கள்" என்று சிரித்தார்கள்.

—

புதுவயல் தம்பி எழுதியது:

எட்டாம் வகுப்புப் பிள்ளையைத் தாராளமாக அழைத்து வாருங்கள் அக்கா. பயமுறுத்தும் படம், பொம்மை எதுவும் பீச் ரோட்டில் கிடையாது. ஆனால் தூண்களை மட்டும் காட்டினால் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது; அண்ணாந்து பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் கேட்பார்கள். முதலில் அப்பர் புக்கிட் தீமா ரோட்டில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல் ஜப்பானிய ஜெனரல் யமாஷிதாவிடம் சரணடைந்த கட்டடம் அதுதான். மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்தது, ரேஷன், ஜப்பானிய மொழிப் பள்ளிக்கூடம் என்று வீட்டுக்குள் நடந்த போர் அங்கே இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது ஒட்டும். நம் வீட்டுப் பெரியவர்களும் அங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள், என் அப்பச்சியை நகர்த்தவே முடியவில்லை.

அடுத்து, சாங்கிக் கடற்கரைப் பூங்கா. 1942 பிப்ரவரி 20 அன்று அங்கே 66 சீனர்களை நீரோரத்தில் நிறுத்திச் சுட்டார்கள். ஒரு குறிப்புக் கல் மட்டும் இருக்கிறது. சுற்றிலும் குடும்பங்கள் கூடாரம் போட்டுச் சமைத்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். இது உங்களுக்கு உறுத்தினால் உறுத்தட்டும். எனக்கு உறுத்தவில்லை, கடற்கரையைப் பூட்டி வைத்து என்ன ஆகப் போகிறது. சைனாடவுனில் ஹோங் லிம் கட்டடத்தின் அருகிலும் ஒரு குறிப்புக் கல் உண்டு, அந்தப் பகுதியில்தான் சோதனை மையம் இருந்தது. சாப்பிடப் போகிறவர்கள் கல்லைத் தாண்டித்தான் போகிறார்கள்.

கிராஞ்சி போர்க் கல்லறையையும் சேர்த்துக்கொள்ளலாம். புல்வெளியும் வரிசைக் கற்களும் அழகாக இருக்கும். சுவர்களில் கல்லறை கிடைக்காத 24,000-க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள். இந்தியப் பெயர்கள் நிறைய. ஆனால் அவர்கள் ராணுவத்தினர். ஆச்சி கேட்டது பொதுமக்களைப் பற்றி.

ஒரே ஒரு வேண்டுகோள். தூண்களுக்கு நடுவில் கலசத்தின் மேல் சாய்ந்து படம் எடுக்காதீர்கள். போன மாதம் நம் ஊர்ப் பேச்சுக் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். பட்டுப்புடவையோடு ஒரு கூட்டம் பீடத்தில் ஏறி நின்று ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

—

முகப்புத்தூண் எழுதியது:

அது யாராக இருந்தாலும் தவறு. கோயிலில் பலிபீடத்தில் ஏறி நிற்போமா? நான் போகக் கூடாது என்று சொன்னவன்தான், ஆனால் போனால் முறையாகப் போக வேண்டும்.

—

தேவகோட்டை மருமகள் எழுதியது:

நன்றி தம்பி. ஃபோர்டு தொழிற்சாலையை முதலில் வைத்துக்கொள்கிறேன். வாழைமர நோட்டு ஒன்று மாமனார் பெட்டகத்தில் இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்கு இப்போதே காட்டிவிடுகிறேன். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தால் "இது நம் வீட்டில் இருக்கிறதே" என்பார்கள்.

—

கல்லல்காரன் எழுதியது:

நான் சிங்கப்பூர் போனதில்லை. பணம் சேர்ந்தபோது, தாய்லாந்தில் அந்த ரயில் பாதை போகும் காஞ்சனபுரிக்குத்தான் போனேன். அதைப் பற்றி எழுதச் சொல்லி இருவர் தனிச் செய்தி அனுப்பியதால் எழுதுகிறேன்.

பாங்காக்கில் தோன்புரி நிலையத்திலிருந்து ரயில். சன்னல் திறந்த மூன்றாம் வகுப்புப் பெட்டி. காஞ்சனபுரியில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே போர்க் கல்லறை. 6,982 பேர். ஒவ்வொருவருக்கும் வெண்கலத் தகடு, பெயர், வயது, வீட்டார் எழுதச் சொன்ன ஒரு வரி, காலடியில் ஒரு பூச்செடி. செடிகளைத் தினமும் பார்த்துக்கொள்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அங்கே நடந்தபோது எனக்கு வந்தது பொறாமைதான், சொல்ல வெட்கப்படவில்லை. ஆசியத் தொழிலாளி ஒருவருக்கும் அந்தப் புல்வெளியில் இடம் இல்லை.

எங்கள் ஆட்களுக்கு வேறு இடம். வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்தக் கோயில். போருக்குப் பிறகு தோண்டியெடுத்த ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை அங்கே சேர்த்தார்கள். 2023-இல் அந்த வளாகத்தில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நிறுத்தினார்கள். சண்டையில் இறந்தவனுக்கு நடுகல் வைப்பது நம் வழக்கம். புதுக்கோட்டைச் சீமையில் எத்தனையோ பார்த்திருக்கிறோம். இவர்கள் ஆயுதம் எடுக்காதவர்கள், மண் சுமந்தவர்கள். இவர்களுக்கும் வைத்தது எனக்குச் சரியாகப் பட்டது. ஊரிலிருந்து எடுத்துப்போன விபூதியை இட்டேன். பிக்கு ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

குவாய் ஆற்று ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் 1944-இல் ஜப்பானியரே கட்டிய நினைவுச்சின்னமும் இருக்கிறது. கொன்றவர்களே கட்டியது. போய்ப் பார்க்க வேண்டுமா என்று யோசித்தேன். போய்ப் பார்த்தேன், ஆனால் செருப்பைக் கழற்றவில்லை.

பாலத்தில் ஒரே கூட்டம். படம் எடுக்கிறார்கள், பாப்கார்ன் தின்கிறார்கள். புதுவயல் தம்பிக்கு உறுத்தவில்லை என்று எழுதியிருக்கிறார். எனக்கு உறுத்தியது.

—

செக்காலை ஆச்சி எழுதியது:

தம்பி கல்லல்காரன், காஞ்சனபுரி எனக்குப் புதுச் செய்தி. என் வயதில் அந்த மூன்றாம் வகுப்பு ரயில் கஷ்டம், ஆனாலும் மகனிடம் பேசிப் பார்க்கிறேன், காரில் இரண்டரை மணி நேரம் என்கிறான்.

பெட்டியடி அண்ணனுக்கு: "நம் தூண்" என்பதை நான் விடவில்லை. அந்தத் தூண் கல்லல் தம்பியின் பாட்டியின் அண்ணனுக்கும் சேர்த்து நிற்கிறது என்று வாசகர் சொன்ன பிறகு பிடிமானம் கூடத்தான் செய்திருக்கிறது. நீங்கள் சொல்கிறபடி முன்வரிசையில் உட்கார மாட்டேன். முதலில் கலசத்தின் முன் சீனர்களுக்குக் கும்பிடு, பிறகு தூணுக்கு. இந்த வரிசை உங்களுக்குச் சம்மதமா?

—

பெட்டியடி எழுதியது:

சம்மதம் ஆச்சி. ஆனால் பர்மாவில் விழுந்த எங்கள் ஆளை அங்கே கொண்டுவராதீர்கள். அவருக்கு வீட்டிலேயே படைக்கிறோம், அது போதும்.

கணக்குப் புத்தகம் பற்றி: பெரியப்பா வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு மரப்பெட்டி இருப்பதாகத் தெரிகிறது. பங்காளிகள் நால்வர் கையெழுத்து இல்லாமல் திறக்க மாட்டார்களாம். மூன்று பேர் சரி என்றுவிட்டார்கள். நான்காமவர் பெங்களூரில், எதற்கு என்று கேட்கிறார். கல்லல் தம்பி, உங்கள் ஆள் இருந்த தோட்டத்தின் பெயரோ ஊரோ தெரிந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள், இங்கே எழுத வேண்டாம்.

—

கல்லல்காரன் எழுதியது:

தோட்டத்தின் பெயர் தெரியாது ஐயா. தெலுக் ஆன்சன் பக்கம் என்று பாட்டி சொல்வார், அதற்கு மேல் இல்லை. பெட்டி திறந்தால் சொல்லுங்கள், கல்லலிலிருந்து பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

—

புதுவயல் தம்பி எழுதியது:

தைப்பூசம் பிப்ரவரியில் விழும் ஆண்டுகளில் வருகிறவர்கள் முடிந்தால் பதினைந்தாம் தேதி வரை தங்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15 அன்று பீச் ரோட்டில் நினைவு நிகழ்ச்சி நடக்கிறது. பல மதங்களின் குருமார்களும் வருவார்கள், பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். அன்று காலை கூட்டம் அதிகம், சாதாரணமாகக் கும்பிட்டுவர வேண்டுமென்றால் மறுநாள் போவது நல்லது. வைத்த மலர் வளையங்கள் அப்படியே இருக்கும்.